கடப்பாரையா, பேலட் டிராலியா: இரும்புப் பெட்டியை நகர்த்த எது தோது?

யாங்கோனில் இன்றும் நாங்கள் மொகல் தெரு என்றே சொல்லும் ஷ்வே பொந்தா தெருவில் எங்கள் பழைய கடையைக் காலி செய்தோம். மற்ற சாமான்கள் ஒரே நாளில் போய்விட்டன. இரும்புப் பெட்டி மட்டும் நின்றது. 1942இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது ஊருக்குக் கிளம்பிய செட்டியார்களின் கிட்டங்கியிலிருந்து (அவர்கள் தொழில் நடத்திய இடம்) தாத்தா கைக்கு வந்தது அது. 600 கிலோ இருக்கும். நான்கு கடை தள்ளி, தேக்குப் பலகைத் தளம் போட்ட பின்கட்டு அறைக்குப் போக வேண்டும்.

பேலட் டிராலியை, அதாவது நீளக் கரங்களைச் சுமைக்கு அடியில் நுழைத்துத் தூக்கும் தள்ளுவண்டியை, வாடகைக்கு எடுக்கலாம் என்றார் மாமா. வழவழப்பான சிமெண்ட் தரை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இரண்டு பேர் போதும், வேலை சட்டென்று முடியும். ஆனால் அதன் கரம் உள்ளே நுழையவே தரையிலிருந்து சாதாரணமாக எட்டு, எட்டரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அடி தரையோடு ஒட்டிய பெட்டியை முதலில் கடப்பாரையால்தான் கிளப்ப வேண்டும். அப்புறம் அந்தச் சின்னச் சக்கரங்கள் நிலைப்படியில் இடித்து நிற்கும். மொத்தப் பாரத்தையும் நாலைந்து புள்ளிகளில் இறக்கிப் பழைய பலகையைப் பதம் பார்க்கும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். நான் கடப்பாரையை எடுத்ததற்குக் காரணம் வேறு: கை விட்டால் சுமை எதன்மேல் நிற்கும்? டிராலியில் அது பம்பு அடித்து ஏற்றிய எண்ணெயின் அழுத்தத்தின்மேல் நிற்கிறது. எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் தேய்ந்திருந்தால் தூக்கியது தானாக இறங்கும். வாடகை டிராலியின் சீலை யார் பார்த்தார்கள்? கடப்பாரையில் சுமை கட்டைமேல் நிற்கிறது. அரை அங்குலம் நெம்பு, பலகையைச் செருகு. அடுத்த பக்கம் நெம்பு, செருகு. எது வழுக்கினாலும் பெட்டி விழுவது அந்த அரை அங்குலம்தான். பலமும் பெரிதாக வேண்டாம். 5 அடிக் கடப்பாரைக்கு நுனியிலிருந்து 4 அங்குலத்தில் அடைகட்டை (கடப்பாரை ஊன்றி நெம்பும் கட்டை) வைத்தால் கை அழுத்தம் 14 மடங்காகும். ஒரு பக்கத்து 300 கிலோவுக்குக் கையில் சுமார் 22 கிலோ அழுத்தம் போதும்.

பிறகு நான்கு கனத்த இரும்புக் குழாய்கள், அடியில் மூன்று, முன்னால் காத்திருக்க ஒன்று. பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போட வேண்டும். திருப்ப வேண்டுமா? குழாயின் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக் கோணலாக்கினால் பெட்டி தானே வளைந்து போகிறது. பார்க்க அத்தனை அழகு! நிலைப்படியில் பலகை போட்டுச் சரிவாக்கினோம். தேக்குத் தளத்தில் நீளப் பலகைகளை விரித்து அதன்மேல் உருட்டினோம். கதவுப் பக்கம்தான் கனம் என்பதால் பூட்டிவிட்டு, முன்னால் யாரையும் நிற்க விடவில்லை.

செயின் பிளாக்கை (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) ஒரே ஒரு முறை, அதுவும் வேறொருவர் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

நாலு கடை தூரத்துக்கு ஒரு முழுக் காலை ஆனது. இறக்குவதற்குத்தான் அதிக நேரம். கடைசிப் பலகையை விரலால் தொடாமல், கம்பிக் கொக்கியை மாட்டி இழுத்தோம்.