கிரிஸ்டல் பேலஸ் பூங்காவின் தொல்விலங்குச் சிலைகள்: ஒரு மதிப்புரை

தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குத் திரைப்பட டைனோசர்களை மனத்தில் வைத்துச் செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி, உடற்கூற்றியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனின் ஆலோசனையுடன் வடித்து, 1854இல் மக்கள் பார்வைக்கு வைத்த சிலைகள் இவை. டைனோசர் என்ற பிரிவை ஓவன் 1842இல்தான் வகுத்திருந்தார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்ட மெகலோசாரஸ், இகுவானடான், ஹைலியோசாரஸ் ஆகிய மூன்றையும் இங்கே காணலாம்.

இகுவானடானின் மூக்கின்மேல் ஒரு கொம்பு இருக்கிறது. மருத்துவரும் புதைபடிவ ஆய்வாளருமான கிடியன் மான்டெல் 1825இல் சில பற்களை வைத்துப் பெயரிட்ட இந்த விலங்கின் முழு எலும்புக்கூடுகள் 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பிறகே, அது கொம்பன்று, கட்டைவிரல் முள் என்பது உறுதியானது. பலரும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கிடைத்த சில எலும்புகளிலிருந்து ஒரு முழு உடலை ஊகித்த துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மோசசாரஸ் என்ற கடல்வாழ் விலங்கின் விஷயத்தில் அந்தத் துணிச்சலும் போதவில்லை போலும்: முன்பகுதியை மட்டும் செய்து, மற்றதை நீருக்குள் மறைத்துவிட்டார்கள்.

என் கணிப்பில், பூங்காவின் சிறந்த பகுதி நீரோரத்துக் கடல் ஊர்வனவே. இக்தியோசாரின் கண்ணை உற்றுப் பாருங்கள். உயிருள்ள விலங்கில் கண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டிய எலும்புத் தகடுகளின் வளையம், புதைபடிவத்தில் தெரிவதைப் போலவே வெளியே செதுக்கப்பட்டிருக்கிறது. அருகில் பிளீசியோசார்கள் நீண்ட கழுத்தை வளைத்துக் கிடக்கின்றன. தென் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தேடியெடுத்துவந்த மேரி ஆனிங் 1823இல் அந்த விலங்கின் ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தபோது, அத்தனை நீளமான கழுத்து உண்மைதானா என்று பாரிஸிலிருந்து உடற்கூற்றியல் அறிஞர் ஜார்ஜ் கூவியே ஐயப்பட்டார். மறு ஆண்டு அதை விவரித்து நிலவியல் அறிஞர் வில்லியம் கோனிபியர் வெளியிட்ட கட்டுரையில் ஆனிங்கின் பெயர் இடம்பெறவில்லை.

அனுமதி இலவசம். சிலைகளை நீருக்கு அப்பாலிருந்தே பார்க்க வேண்டியிருப்பதாலும், கோடையில் மரக்கிளைகள் சிலவற்றை மறைப்பதாலும், இருநோக்கி ஒன்றைக் கொண்டுசெல்வது நல்லது. நேரமிருந்தால் முதலில் சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆனிங்கின் அந்தப் பிளீசியோசாரைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வாருங்கள். எலும்பு எது, ஊகம் எது என்பது அப்போது நன்றாகவே பிடிபடும்.