கொழிஞ்சாம்பாறையில மூணரை வருஷமா பசங்களுக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லித் தர்றேன்: எது தாங்குச்சு, எது தாங்கல

2022 ஜூன்ல ஆரம்பிச்சது. வீட்டுக்கு முன்னாடி ஷீட்டு போட்ட ரூம், சனி ஞாயிறு ரெண்டு ரெண்டு மணி நேரம், ஆறாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் படிக்கிற பசங்க. முக்காவாசிப் பேர் தமிழ் மீடியம், இது கேரளா, பாலக்காடு ஜில்லா, அதனால ஸ்கூல்ல மலையாளமும் இருக்கு, வீட்ல தமிழ்தான். இப்ப 16 பேர் வர்றாங்க. நெறைய பேர் எந்த கிட் வாங்கலாம்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல வாங்குனது ஒரு கம்பெனியோட ரெடிமேட் கிட், ரெண்டு செட், ஒண்ணு 11,000 ரூபா. கலர் கலரா கட்டை, ஒண்ணோட ஒண்ணு மாட்டுனா போதும், மொபைல் ஆப்ல இருந்து ஓட்டலாம். மொத மாசம் பசங்க குதிச்சாங்க, நானும்தான். ஆனா ஒரு மோட்டார் போச்சுன்னா அந்தக் கட்டையே வேற வாங்கணும், சாக்கெட் அவங்களே செஞ்ச ஷேப்பு, வேற எதுவும் மாட்டாது. ஒரு வருஷம் கழிச்சு மொபைல் அப்டேட் ஆனதும் ஆப்பே தொறக்கல, மெயில் போட்டேன், போன் பண்ணேன், பதிலே இல்ல. 14 மாசத்துல 22,000 ரூபா அலமாரிக்குள்ள போயிருச்சு. இன்னைக்கும் அதப் பாத்தா வயிறு எரியுது, ஏன்னா அந்தக் காசுக்கு உதிரி சாமானா வாங்கியிருந்தா கிட்டத்தட்ட எல்லாப் புள்ளைக்கும் ஆளுக்கொண்ணு குடுத்திருக்கலாம்.

அதுக்கப்புறம் முழுக்க உதிரிதான். ஆர்டுயினோ ஊனோ போர்டு (கம்ப்யூட்டர்ல எழுதுன புரோகிராம ஏத்தி மோட்டார், சென்சார ஓட்டற சின்ன சர்க்யூட் போர்டு), ஒரிஜினல் இல்ல, குளோன், அதாவது அதே டிசைன்ல வேற கம்பெனி செஞ்சது. இது 2005ல இத்தாலில ஸ்டூடண்ட்ஸுக்குன்னே ஆரம்பிச்ச போர்டு, டிசைன் எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்காங்க, அதனாலதான் குளோன் இவ்வளவு மலிவா கெடைக்குது. ஒயர் மாட்ட 14 டிஜிட்டல் பின், 6 அனலாக் பின், சிப்புல 32 கேபி மெமரி, பள்ளிக்கூடப் பசங்களுக்கு இது தாராளம். கூட பிரெட்போர்டு (பத்த வெக்காம ஒயர சொருகற பலகை), மஞ்சக் கலர் கியர் மோட்டார் ரெண்டு, மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கற எல்298என் டிரைவர், சத்தத்த அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்த வெச்சு தூரம் அளக்கற அல்ட்ராசோனிக் சென்சார், ஒயர். ஒரு செட் 1,500க்குள்ள முடிஞ்சுது. வேலந்தாவளம் வழியா கோயம்புத்தூர் பஸ் ஏறுனா அன்னைக்கே வாங்கிட்டு வந்துடலாம். 8 செட் வாங்குனேன், இதுவரைக்கும் செத்தது 2 போர்டு மட்டும்தான், ரெண்டுமே 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் நேரா சேத்துனதுல போனது. மோட்டார்தான் அடிக்கடி போகும், உள்ள பிளாஸ்டிக் கியர் வழுக்கிடும், ஆனா ஒண்ணு 60 ரூபாதான், அதக் கழட்டி மாட்டறதே ஒரு பாடமாயிருச்சு.

பேட்டரி விஷயத்துல எல்லாரும் பண்ற தப்ப நானும் ஆறு மாசம் பண்ணேன். 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டா வண்டி ரெண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் போர்டு தானா ரீசெட் ஆகி ஆகி நிக்கும், பசங்க கோடிங்ல தப்புன்னு நெனச்சு மணிக்கணக்கா தேடுவாங்க, பாவம். அந்த பேட்டரிக்கு உள் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, மோட்டார் கரண்ட இழுத்த உடனே வோல்டேஜ் படுத்துரும். போதாததுக்கு எல்298என் வேற தனக்குன்னு சுமார் 2 வோல்ட் எடுத்துக்கும். இப்ப 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் 6 போட்டு 7.2 வோல்ட்ல ஓட்டறோம், ஒரு கிளாஸ் பூரா வருது. லித்தியம் செல் இன்னும் நல்லா ஓடும்தான், ஆனா ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும், சின்னப் புள்ளைங்க கைல நான் தர மாட்டேன்.

சாஃப்ட்வேர்ல ஆறாவது பசங்களுக்கு ஸ்கிராட்ச், ஸ்கிரீன்ல கட்டைய அடுக்கியே புரோகிராம் எழுதறது. எம்ஐடில 2007ல வெளிய விட்டது, காசு கெடையாது, மெனுவ தமிழ்லயே மாத்திக்கலாம். அதுல நாலு மாசம் வெளாண்டுட்டு வர்றவங்களுக்கு ஆர்டுயினோல இஃப், லூப் எதுவும் பயமா இருக்கறதில்ல. ஆர்டுயினோ புரோகிராம்ல ஆரம்பத்துல ஒருக்கா மட்டும் ஓடற செட்டப்புக்கும் திரும்பத் திரும்ப ஓடற லூப்புக்கும் என்ன வித்தியாசம்னு எட்டாவது புள்ள ஒண்ணு அடுத்தவனுக்கு சொல்லிக் குடுத்தா பாருங்க, "கடை தொறக்கறது செட்டப்பு, நாள் பூரா யாவாரம் பண்றது லூப்பு"ன்னு. நான் இப்ப எல்லா பேட்ச்லயும் அதைத்தான் சொல்றேன்.

லேப்டாப் நாலும் பழசு, ஸ்கூல்ல லினக்ஸ்தான்னு நானும் லினக்ஸ்ல ஒரு வகையான உபுண்டு 22.04 போட்டேன். அதுல குளோன் போர்ட சொருகுனா லிஸ்ட்ல யூஎஸ்பி போர்ட் (port) தெரியும், அடுத்த செகண்டு காணாமப் போயிரும். ஒயர மாத்துனேன், போர்ட மாத்துனேன், ரெண்டு வாரம் போச்சு. பாத்தா பிஆர்எல்டிடிஒய்ன்னு ஒரு புரோகிராம், கண்ணு தெரியாதவங்க யூஸ் பண்ற பிரெயில் டிஸ்ப்ளேக்கானது, போர்டுல யூஎஸ்பிக்காக இருக்கற சிஎச்340 சிப்ப தன்னோட மெஷின்னு நெனச்சுப் புடிச்சுக்குது. அதை எடுத்துவிட்டா சரியாயிரும் (அந்த லேப்டாப்ப பிரெயில் தேவைப்படறவங்க யாரும் யூஸ் பண்ணலன்னா மட்டும் எடுங்க). அப்படியும் பர்மிஷன் எரர் வந்தா யூசர டயல்அவுட் குரூப்ல (அந்தப் போர்ட யூஸ் பண்ண அனுமதி இருக்கற குரூப்) சேத்துட்டு ஒருக்கா லாகவுட் பண்ணுங்க.

மைக்ரோபிட்னு பசங்களுக்கான இன்னொரு போர்டு ரெண்டு இருக்கு. 25 எல்இடி, பட்டன், வெப்பம் அளக்கறது எல்லாம் போர்டுலயே இருக்கு, ஒயரே வேணாம், சின்னவங்களுக்கு அருமை. ஆனா எனக்கு ஒண்ணு நாலு குளோன் ஊனோ வெல ஆச்சு, யூஎஸ்பி சொருகற எடமும் ஒண்ணுல லூஸாயிருச்சு.

மண்ணு ஈரம் பாக்கற சென்சார் வாங்கறவங்க ரெண்டு கம்பி நீட்டிட்டு இருக்கற மலிவான டைப்ப வாங்காதீங்க. இங்க ஆழியாறு தண்ணிய நம்பி இருக்கற தோட்டம்தான் ஜாஸ்தி, பசங்க ஆசையா தென்னைக்கு அடில நட்டு வெச்சாங்க, மூணு வாரத்துல கம்பி அரிச்சுப் போச்சு, கரண்டு ஓடிட்டே இருந்தா ஈரத்துல அது கரைஞ்சுரும். உலோகம் நேரா மண்ணுல படாத டைப்பு, கெப்பாசிட்டிவ்னு கேட்டு வாங்குங்க.

எனக்கு இந்த மூணரை வருஷத்துல மனசுல நிக்கறது போன ஏப்ரல் நடந்தது. அல்ட்ராசோனிக் சென்சார்ல ஏழாவது படிக்கிற பையன் செவுத்துல இருந்து மீட்டர் ஸ்கேல் வெச்சு சரியா 100 செமீ அளந்து வெக்கறான், ஸ்கிரீன்ல 97தான் காட்டுது. "சார், இது பொய் சொல்லுதுங்க சார்"ன்னான். வேற சென்சார் மாட்டுனோம், அதுவும் 97. ஜனவரில இதே புரோகிராம் கோடு 98, 99ன்னு காட்டுனது எல்லா நோட்லயும் எழுதியிருக்கு. அன்னைக்கு மத்தியானம் ரூமுக்குள்ள 38 டிகிரி, ஷீட்டு கூரை வேற. கோடுல நாங்க போட்ட சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர், அது 20 டிகிரிக்கான கணக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.6 மீட்டர் கூடும், 38ல 354 ஆயிரும். சத்தம் சீக்கிரமா போயிட்டுத் திரும்பி வந்ததால தூரம் கம்மின்னு சென்சார் நெனச்சுருச்சு. போர்டுல சாக்பீஸால கணக்குப் போட்டோம், 96.9 வந்துச்சு. அந்த ரூம்ல அப்ப வந்த சத்தம் இருக்கே! அந்த ரெடிமேட் கிட்ல அந்த 343ங்கற நம்பரு கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது, பெட்டிக்குள்ள இருக்கும்.

இன்னொண்ணு, ரெண்டு பேருக்கு ஒரு செட்டுன்னா கீபோர்ட பசங்களே புடிச்சுக்குவாங்க, பொண்ணுங்க பாத்துட்டு ஒக்காந்திருப்பாங்க. அரை மணி நேரத்துக்கு ஒருக்கா டைப் பண்றவங்களும் ஒயர் மாட்டறவங்களும் எடம் மாறணும், மணி அடிச்சு மாத்திவிடறேன். இதை மொத வருஷமே பண்ணியிருக்கணும்.

கேரளால 2018ல இருந்தே ஸ்கூல்ல பசங்களுக்கான ஐடி கிளப், லிட்டில் கைட்ஸ்னு இருக்கு, 2025ல பத்தாவது பாடத்துலயே ரோபோட்டிக்ஸ் வந்தாச்சு, அதனால பெத்தவங்க இப்ப தேடி வர்றாங்க. அடுத்து வாங்க வேண்டிய லிஸ்ட்ல மோட்டார் 12, கெப்பாசிட்டிவ் சென்சார் 4, அப்புறம் டெம்பரேச்சர் சென்சார் 8. கடைசி ஐட்டம் அந்த ஏழாவது பையன் கேட்டது, இப்ப எட்டாவது வந்துட்டான், வெயிலுக்கு ஏத்த மாதிரி வேகத்த கோடே மாத்திக்கணுமாம். அடுத்த ஏப்ரல் மத்தியானம் அதே செவுத்துல 100 செமீ வெச்சுப் பாக்கறோம்.