டிவி நியூஸ் புரொடியூசர் ஆக முதலில் எங்கே சேரலாம்: டெஸ்க்கா, டிஜிட்டலா?

2011-ல் புதிய தலைமுறை, அடுத்த ஆண்டு தந்தி டிவி, 2014-ல் நியூஸ் 7 தமிழ் என்று செய்திச் சேனல்கள் வரிசையாக வந்த காலத்தில், கல்லூரி முடித்தவர் சென்னைக்கு வந்தால் பெரும்பாலும் டெஸ்க்கில்தான், அதாவது செய்தியை எழுதித் திருத்தும் பிரிவில்தான், உட்காருவார். இன்று அதே கட்டடத்தில் யூடியூப், இன்ஸ்டாகிராமுக்கென்று டிஜிட்டல் பிரிவும் இருக்கிறது. எதில் சேருவது? செய்தி நிகழ்ச்சியை நடத்திச் செல்லும் புரொடியூசர் ஆவதுதான் ஆசை என்றால், டெஸ்க் என்பேன்.

டெஸ்க்கில் முதல் சில மாதங்கள் அலுப்பாகத்தான் போகும். மாவட்ட நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு வரியை வாசிக்கிற தமிழாக மாற்ற வேண்டும், திரையின் அடியில் ஓடும் டிக்கர் அடிக்க வேண்டும். ‘1,25,000’ என்று அப்படியே டெலிபிராம்ப்டருக்குப் போனால் ஆங்கர் தடுமாறுவார். ‘ஒன்றேகால் லட்சம்’ என்று எழுதக் கை பழக வேண்டும். நைட் ஷிஃப்ட் உடம்பைப் படுத்தும், ஆரம்பச் சம்பளமும் குறைவு.

ஆனால் பிசிஆரில், அதாவது ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில், உட்காரும் நாள் வரும். நான் முதன்முதலாக ரன்டவுன் (எந்தச் செய்திக்குப் பின் எது என்ற வரிசை) பார்த்த மதியச் செய்தியில், தலைப்புச் செய்தியின் பேக்கேஜ், அதாவது தொகுத்த வீடியோ, எடிட்டிங்கிலிருந்து வரவே இல்லை. ஆங்கர் தலைப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆறாவதாக இருந்த லைவை மேலே தூக்கிவிட்டு, அவர் காதில் “அடுத்தது லைவ், பேக்கேஜ் பிரேக்குக்கு அப்புறம்” என்று சொல்ல எனக்குக் கிடைத்தது சில விநாடிகள்தான். அன்றைக்குக் கற்றதை வேறு எந்த வேலையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

டிஜிட்டல் மட்டமில்லை. படம் பிடிப்பது, வெட்டுவது, தலைப்பு, தம்ப்நெயில் எல்லாம் ஒரே ஆள் கையில். எந்த நொடியில் பார்வையாளர் விலகினார் என்று வரைபடம் காட்டிவிடும். டெஸ்க்கில் அந்த உடனடிப் பாடம் கிடைக்காது. ஆனால் பெரும்பாலான வீடியோக்களை இன்னொரு முறை பார்த்து, திருத்தி, பிறகு ஏற்றலாம். தலைப்பைப் பிறகும் மாற்றலாம். நேரலையில் சொன்னது சொன்னதுதான்.

2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. அப்பல்லோ மருத்துவமனை மறுத்தது. இறந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது நள்ளிரவு தாண்டித்தான். ‘பக்கத்துச் சேனலில் போய்விட்டது, நாமும் போடலாமா?’ என்று எல்லோரும் கேட்கும்போது ‘உறுதியாகட்டும்’ என்று சொல்கிற துணிச்சல்தான் புரொடியூசருக்கு முதல் தகுதி. மூத்தவர் ஒருவர் அப்படிச் சொல்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நமக்கும் அது வரும்.

சென்னை தரமணியில் உள்ள ஏசிஜே என்ற இதழியல் கல்லூரியில் ஓராண்டு டிப்ளமோ படித்துவிட்டுச் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். ஆங்கிலச் சேனலோ டெல்லியோ குறி என்றால் நல்ல வழி. தமிழ் டெஸ்க்குக்கு அது கட்டாயமில்லை, கட்டணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “பிசிஆரில் எப்போது உட்கார விடுவீர்கள்?” பதில் மழுப்பலாக இருந்தால் வேறு சேனலிலும் கேட்டுப் பாருங்கள். டிஜிட்டலில் மட்டும்தான் இடம் கிடைத்ததா? சரி, சேர்ந்துவிடுங்கள். அப்புறம் வாக்கு எண்ணிக்கை நாளில் டெஸ்க்குக்கு எப்படியும் கூடுதல் ஆள் தேவைப்படும். அன்றைக்கு நீங்களாகப் போய் நில்லுங்கள்.