வயலும் வீடும்: இரண்டு மாதிரிகள்

விவசாயக் குடும்பத்தின் உழைப்பைக் கணக்கிடப் பொருளியலில் இரண்டு வழிகள் உண்டு. பிரிப்பு மாதிரியில் வயல் ஒரு நிறுவனம்: கூடுதலாக ஒரு மணி நேர உழைப்பு தரும் விளைச்சலின் மதிப்பு, சந்தைக் கூலிக்குச் சமமாகும் வரை ஆள் இறக்கும். வீட்டில் எத்தனை பேர் என்பது பொருட்டே இல்லை. கணக்கு எளிது; கூலிச் சந்தை ஒழுங்காக இயங்க வேண்டும், அவ்வளவுதான். (அதுதானே சிக்கல்!)

பிணைப்பு மாதிரியில் வயலும் வீடும் ஒன்றோடொன்று கட்டுண்டவை: வெளிவேலை கிடைக்காத மகன் சொந்த வயலில் களையெடுக்கிறான். அவன் உழைப்பின் விலை சந்தைக் கூலிக்குக் கீழே, வீட்டுக்குள்ளேயே தீர்மானமாகிறது.

குடும்ப அளவு வயலின் உழைப்பை மாற்றுகிறதா என்பதே சோதனை: மாற்றினால் பிணைப்பு, இல்லையென்றால் பிரிப்பு. இந்தோனேசியாவின் ஜாவா தீவுத் தரவை வைத்து 1992இல் பொருளியலாளர் பெஞ்சமின் இல்லை என்றார். 2016இல் லஃபேவும் தாமஸும் ஒரே குடும்பங்களை மீண்டும் மீண்டும் அளந்து ஆம் என்றனர். தலைவலி பிடித்த கணக்கானாலும் என் ஓட்டு பிணைப்புக்கே.