பயன்படுத்தி முடித்த காப்பர் ஸ்லாக்: சிமெண்ட் சூளையா, நிலநிரப்புத் தளமா?

காப்பர் ஸ்லாக் என்பது தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் கசடு; அதன் துகள்களைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சி இரும்பின் மேலுள்ள பழைய பெயிண்டையும் துருவையும் உரிப்பதே பிளாஸ்டிங். அது முடிந்து குவிந்து கிடக்கும் ஸ்லாக்கை, அனுமதி பெற்ற சிமெண்ட் ஆலை எடுத்துக்கொள்ளுமானால் அங்கேயே அனுப்புங்கள். அதில் இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் நிறைய. சூளையில் இரும்புத்தாதுவுக்குப் பதிலாகப் போய், சிமெண்டாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கரிலேயே கலந்துவிடும். தனியாகச் சாம்பல் மிஞ்சாது.

ஆனால் ஆலை ஏற்குமா என்பது ஸ்லாக்கைவிட அதோடு உரிந்து வந்த பெயிண்டைப் பொறுத்தது. பழைய இரும்புப் பாலங்களின் செந்நிற அடிப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். கழிவிலிருந்து நீர்மத்தில் எவ்வளவு கரைந்து வெளியேறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால், இந்திய விதிப்படி அபாயக் கழிவு. அப்போது கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்புத் தளமே (கசிவு மண்ணில் இறங்காதபடி கழிவைப் புதைக்கும் இடம்) சரி. செலவு அதிகம்தான், பொருளும் வீண்தான். இருந்தாலும், சோதிக்காமல் பள்ளம் நிரப்பக் கொடுத்துவிடாதீர்கள். மழைநீரோடு ஈயம் கிணற்றுக்கே இறங்கக்கூடும்.