ஒரே வயலினுக்கு இரண்டு நாட்டு வரி கட்டினேன்

பிரிட்டனில் இருந்துகொண்டு ஐரோப்பாவிலிருந்து வயலினோ கிட்டாரோ வரவழைக்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகள் ஐந்து வருடமாகக் கர்நாடக வயலின் படிக்கிறாள். முக்கால் அளவு வயலின் கைக்குச் சிறியதாகிவிட்டது, முழு அளவுக்கு மாற்றிவிடுங்கள் என்று டீச்சர் சொன்னார். தேடியதில் ஜெர்மனியில் உள்ள ஒரு கடையின் இணையதளம் கண்ணில் பட்டது. விலை 1,190 யூரோ, அனுப்பும் செலவு 30 யூரோ. விலைக்குக் கீழேயே ‘வரிகள் உட்பட’ என்று போட்டிருந்தார்கள். லண்டன் முகவரியைக் கொடுத்த பிறகும் தொகை மாறவில்லை. சரி, நம் நாட்டு வரியும் இதிலேயே சேர்ந்துவிட்டது என்று நம்பி டெபிட் கார்டில் கட்டினேன்.

ஒன்பதாம் நாள் கூரியரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 247 பவுண்டு கட்டினால்தான் பார்சல் வீட்டுக்கு வருமாம். இப்படிப் போலிச் செய்திகள் நிறைய வருவதால், அதிலிருந்த இணைப்பைத் தொடாமல் கூரியர் தளத்துக்கே போய்ப் பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி 212, சுங்க வரி 20, வரியை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியரின் கட்டணம் 15. மகளுக்கு அந்த வார இறுதியில் கச்சேரி ஒத்திகை இருந்தது. கட்டிவிட்டேன்.

பெட்டி வந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த பில். அதைப் பிரித்துப் படித்தபோதுதான் நெஞ்சு எரிந்தது. ஜெர்மன் வாட் 19 சதவீதம், 194.79 யூரோ என்று தனியாக அச்சடித்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்த வாட்டை வசூலிக்கத் தேவையே இல்லை. என்னிடம் வசூலித்தது மட்டுமல்ல, அதையும் சேர்த்த தொகையைத்தான் பொருளின் மதிப்பாகச் சுங்கத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். அதன் மேல்தான் இங்கே 20 சதவீதம் போட்டார்கள். வரிக்கும் வரி கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. தயாரித்த நாடு என்ற கட்டத்தில் சின்னதாக இரண்டு எழுத்து: சிஎன். சீனா. இணையதளத்தில் ‘ஜெர்மன் கைவேலைப் பாரம்பரியம்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். வயலினின் மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும் லேபிளிலும் ஒரு ஜெர்மன் பெயர்தான். சீன வயலின் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை, அங்கே அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுங்கத்திடம் சொன்ன உண்மையை என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? அந்த 20 பவுண்டு சுங்க வரி வந்ததும் இதனால்தான். பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒன்றியத்திலேயே தயாரான பொருளுக்கு, விற்பவர் பில்லில் அதற்கான உறுதிமொழியை எழுதிக் கொடுத்தால், சுங்க வரி கிடையாது. ஜெர்மனியிலிருந்து அனுப்பப்பட்டது என்பது மட்டும் போதாது, தயாரானது எங்கே என்பதுதான் கணக்கு. வாட் எப்படியும் உண்டு.

மூன்று வாரம் கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். “வரிகள் உட்பட என்றால் எங்கள் நாட்டு வரி, உங்கள் நாட்டு வரி உங்கள் பொறுப்பு” என்றார்கள். அப்படியானால் உங்கள் நாட்டு வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அடுத்த முறை வாங்கும்போது மதிப்பைக் குறைத்து ‘அன்பளிப்பு’ என்று போட்டு அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் அன்பளிப்பு ஆகாது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் நிஜமான அன்பளிப்புக்கே 39 பவுண்டு வரைதான் வாட் விலக்கு. வழியில் வயலின் உடைந்தால், குறைத்துக் காட்டிய மதிப்புக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

அதற்கப்புறம் பதிலே இல்லை. வங்கியில் கேட்டேன். பொருள் வந்து சேர்ந்துவிட்டதே என்று கையை விரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டி, தவறான விவரம் சொல்லி விற்றதற்குக் கார்டு நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம்.

திருப்பி அனுப்புவது பற்றியும் யோசித்தேன். சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால், பொருளைத் திருப்பி அனுப்பி இங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. சி அண்ட் இ 1179 என்ற படிவம். ஆனால் மகள் அதற்குள் அந்த வயலினில் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஊரிலிருந்து வாங்கி விமானத்தில் கையோடு கொண்டுவருபவர்களும் கவனியுங்கள். வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 390 பவுண்டு வரைதான். ஒரு வீணை 400 பவுண்டு என்றால் கூடுதலான பத்துக்கு மட்டும் இல்லை, முழு 400க்கும் வரி உண்டு.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தன் பையனுக்காக வேறொரு ஜெர்மன் கடையில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகவரியில் பிரிட்டன் என்று மாற்றியதுமே விலையிலிருந்து 19 சதவீத வாட் கழிந்துவிட்டது, இறக்குமதி வரி தனி என்று எச்சரிக்கையும் வந்தது. தயாரித்த நாடு எது என்று எழுதிக் கேட்டோம். மறுநாளே ருமேனியா என்று பதில் வந்தது, அது ஒன்றியத்தில் உள்ள நாடுதான், உறுதிமொழியைப் பில்லில் எழுதித் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.