தாமிங்கா, நான்யுவேயா: அரண்மனை இடிபாடுகளின் மேல் எழுந்த இரு அருங்காட்சியகங்கள்

சீனத்தின் பழைய அரண்மனைகள் பெரும்பாலும் மரத்தாலும், இடித்து இறுக்கிய மண்ணாலும் ஆனவை என்பதால், போரும் தீயும் கடந்தபின் தரைக்கு மேல் எஞ்சியது மிகக் குறைவு. அந்த எச்சத்தில் எதைத் திறந்து காட்டுவது, எதை மூடிக் காப்பது என்ற கேள்விக்குச் சியான் நகரத்துத் தாமிங் அரண்மனை வளாகமும் குவாங்சோ நகரத்து நான்யுவே அரண்மனை அகழிடமும் எதிரெதிரான விடைகளைத் தந்திருக்கின்றன.

தாமிங்கின் பெருமை அதன் பரப்பு. கி.பி. 634இல் கட்டத் தொடங்கி, 663 முதல் தாங் பேரரசின் ஆட்சி பீடமாக விளங்கிய இவ்வளாகம் சுமார் 3.2 சதுர கிலோமீட்டர். பெய்ஜிங் அரண்மனையைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். 904இல் தலைநகர் சியானிலிருந்து லுவோயாங்குக்கு மாற்றப்பட்டபோது நகரத்து மாளிகைகளைப் பிரித்து, அவற்றின் மரக்கட்டைகளை வெய் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். ஆகவே இன்று காண்பது வெறும் வெளியும் மேடைகளுமே. அரண்மனையின் தலைமை மண்டபமான ஹான்யுவான் மண்டபத்தின் மண்மேடையைப் புதுச் செங்கல் உறையிட்டுக் காத்திருக்கிறார்கள்; பாதுகாப்புக்கு அது தேவைதான், ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது புதுச் செங்கல். தெற்கே தான்ஃபெங் வாயிலில் மட்டும், வாயிற்கோபுர வடிவில் 2010இல் எழுந்த கட்டடத்துக்குள், ஐந்து வழிகள் கொண்ட அசல் மண் அடித்தளத்தை நேரில் காணலாம். நேரம் குறைவென்றால் அங்கேயே தொடங்குவது நல்லது.

குவாங்சோ என்னை அதிகம் ஈர்ப்பதற்குக் காரணம், அங்கே அசலே முன்னால் கிடக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாவ் துவோ நிறுவி, கி.மு. 111இல் ஹான் பேரரசின் படைகளிடம் வீழ்ந்த நான்யுவே அரசின் தோட்டம், கடைவீதிகள் நெருங்கிய நகர நடுவில் 1995 முதல் வெளிப்பட்டது. சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் கல் வாய்க்காலும், ஆமைகளின் எலும்புகள் குவியலாகக் கிடைத்த பிறைவடிவக் குளமும், மன்னர் நின்று பார்த்த நீரோட்டத்தையே கண்முன் கொண்டுவருகின்றன. அதைவிட முக்கியமானவை கிணறுகள். அதே மண்ணில் அடுத்தடுத்து வாழ்ந்த தலைமுறைகள் தோண்டிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் நான்யுவே காலத்துக் கிணறு ஒன்றிலிருந்து மையால் எழுதப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய மரப்பட்டைகள் எடுக்கப்பட்டன. பத்தாம் நூற்றாண்டில், முந்தைய ஹான் பேரரசிலிருந்து வேறான தென் ஹான் அரசின் மன்னரும் இங்கேயே அரண்மனை கட்டினர் என்பதால், ஒரே குழியில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அடுக்குகளைக் காண முடிகிறது.

பேரரசு ஒன்றின் பிரம்மாண்டத்தை நடந்தே உணர விரும்புகிறவருக்குச் சியான் பொருந்தும். கல்லையும் மண்ணையும் அருகிருந்து வாசிக்க விரும்புகிறவர் குவாங்சோவுக்கே செல்லலாம். 1983இல் கண்டறியப்பட்ட, சாவ் துவோவின் பேரனான இரண்டாம் மன்னரின் கல்லறையும் அதே நகரில் இருக்கிறது. அங்குள்ள 2,291 பச்சைக்கல் (ஜேட்) துண்டுகளைக் கோத்த சவ உடையைப் பார்த்த கண்ணுக்கு வாய்க்கால் கற்கள் எளியவையாகத் தோன்றக்கூடும் என்பதால், அரண்மனை அகழிடத்தை முதலில் பார்த்துவிட்டுக் கல்லறைக்குச் செல்வதே முறை.